நெல் வயலும் மண் வளமும்: காவிரி டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடிக்குத் தெற்கே, எங்கள் உழவர் குழுவின் விதை அறையில் உட்கார்ந்திருப்பது என் வேலை. சித்திரையில் தக்கைப்பூண்டு விதை கேட்டு வருகிறவர்கள் தொடங்கி, தையில் உளுந்து விதைக்கு வருகிறவர்கள் வரை எல்லோரும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். வாசலில் நின்று பலமுறை சொன்ன பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். எல்லாம் டெல்டாவின் களிமண் நெல் வயலை மனத்தில் வைத்துச் சொன்னவை. மானாவாரிக்கும் மலைத்தோட்டத்துக்கும் அப்படியே பொருந்தா.

1. மண் வளம், மண் வளம் என்கிறீர்களே, அது கண்ணுக்குத் தெரியுமா?

ஓரளவு தெரியும். கோடையில் காய்ந்த வயலிலிருந்து ஒரு கட்டியை எடுத்துப் பாருங்கள். மட்கு (செடியும் எருவும் மக்கிச் சேர்ந்த பொருள்) உள்ள மண் விரலால் அழுத்தினால் உதிரும். மட்கு போன மண்ணை மண்வெட்டியின் பின்புறத்தால் அடித்தால்தான் உடையும்.

எண்ணாகத் தெரிய வேண்டுமென்றால், மண் பரிசோதனை அறிக்கையில் 'அங்ககக் கரிமம்' என்ற வரியைப் பார்க்க வேண்டும். 0.5 சதவீதத்துக்குக் கீழ் என்றால் குறைவு, 0.5 முதல் 0.75 வரை நடுத்தரம், அதற்கு மேல் நல்ல நிலை. மண்ணில் உள்ள நுண்ணுயிர்களுக்குச் சோறு போடுவது இந்தக் கரிமம்தான். போட்ட உரத்தையும் பெய்த மழையையும் பிடித்து வைப்பதிலும் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

2. மண் வள அட்டை வந்தது. என் அட்டையும் பக்கத்து வயல்காரர் அட்டையும் ஒன்றாகவே இருக்கின்றன. இதை நம்பலாமா?

2015-இல் தொடங்கிய மண் வள அட்டைத் திட்டத்தில், பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்று கட்டம் பிரித்து மண் எடுத்தார்கள். ஒரே கட்டத்துக்குள் இருக்கும் ஐந்தாறு பேருக்கு ஒரே முடிவு வருவது அதனால்தான். அட்டையில் தவறில்லை; ஆனால் அது உங்கள் வயலின் கணக்கும் இல்லை.

நீங்களே மண் எடுத்துக் கொடுங்கள். அறுவடை முடிந்து, உரம் போடாத நேரமாக இருக்க வேண்டும். வரப்பு ஓரம், மரத்தடி, எருக்குவியல் இருந்த இடம், வாய்க்கால் வாய் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு, வயலில் பத்துப் பதினைந்து இடங்களைத் தேர்ந்தெடுங்கள். மேலே கிடக்கும் சருகை மட்டும் தள்ளிவிட்டு, ஆங்கில 'வி' எழுத்துப் போல 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, அந்த மண்ணை எடுத்துப் போட்டுவிடுங்கள். பிறகு குழியின் சரிவில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவி எடுப்பதுதான் மாதிரி. எல்லாவற்றையும் கலந்து வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பாகங்களைத் தள்ளுங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை இப்படியே செய்ய வேண்டும். பழைய உரச்சாக்கில் மட்டும் கட்டிக் கொடுக்காதீர்கள். சாக்கில் ஒட்டிய உரமும் உங்கள் மண்ணின் சத்தாகக் கணக்கில் ஏறிவிடும்.

3. அறிக்கையில் இத்தனை எண்கள் இருக்கின்றனவே, முதலில் எதைப் பார்ப்பது?

முதலில் கார அமில நிலையையும் உப்பின் அளவையும் பாருங்கள். கார அமில நிலை 8.5-ஐத் தாண்டினால் களர்த்தன்மை (சோடியம் மிகுந்த நிலை) இருக்கலாம். அதைக் கவனிக்காமல் உரத்தைக் கூட்டிப் பயனில்லை. அடுத்து அங்ககக் கரிமம். பிறகு துத்தநாகம், நெல் வயலில் அடிக்கடி குறைவது இதுதான். தழை, மணி, சாம்பல் சத்து (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்) மூன்றையும் கடைசியாகப் பார்த்தால் போதும். கடைக்காரர்கள் நேர்மாறான வரிசையில் சொல்வார்கள், அவர்கள் விற்பது அந்த மூன்றும்தானே.

4. பசுந்தாள் உரம் என்றால் தக்கைப்பூண்டுதானா? வேறு எதுவும் ஆகாதா?

பச்சையாகவே வயலில் மடக்கி உழுவதற்காக வளர்க்கும் செடிதான் பசுந்தாள் உரம். டெல்டாவின் களிமண்ணில், சில நாள் நீர் நின்றாலும் தாங்குவது தக்கைப்பூண்டு. அதனால் முதல் இடம் அதற்கு. ஏக்கருக்கு 20 கிலோ விதை. மா கணக்கில் (மூன்று மா ஏறத்தாழ ஒரு ஏக்கர்) சொன்னால் மாவுக்கு ஏழு கிலோ. சணப்பை வேகமாக வளரும்; ஆனால் நீர் தேங்கினால் அழுகும், மேட்டுப்பாங்கான வயலுக்குத்தான் சரி. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் முடிச்சு மணிலா அகத்திக்கு வேரில் மட்டுமல்லாமல் தண்டிலும் வரும்.

கொழிஞ்சியைப் பலர் மறந்துவிட்டார்கள். ஆடு மாடு வாய் வைக்காத செடி அது. வேலியில்லாத வயலில் இதைவிடப் பெரிய தகுதி வேண்டியதில்லை. வறட்சியையும் தாங்கும். விதையின் தோல் கடினம் என்பதால், மணலோடு சேர்த்துத் தேய்த்தோ சுடுநீரில் சற்று நேரம் நனைத்தோ விதைக்க வேண்டும். முளைக்காமல் தங்கிய விதைகள் அடுத்தடுத்த கோடைகளில் தாமாகவே முளைக்கும்.

5. எத்தனை நாளில் மடக்கி உழ வேண்டும்? பூத்துவிட்டால் ஆகாதா?

நாற்பதிலிருந்து நாற்பத்தைந்து நாளுக்குள், பூ எட்டிப் பார்க்கும் நேரம். அதற்கு மேல் விட்டால் தண்டு நாராகி மட்குவதற்கு நாளாகும். நடவாட்கள் காலில் குத்தும் என்று திட்டவும் செய்வார்கள். நீர் கட்டி, டிராக்டரின் கேஜ் வீலால் மிதித்துச் சேற்றில் அமுக்கிய பிறகு, ஒரு வாரம் முதல் பத்து நாள் விட்டு நடுங்கள். மேட்டூர் ஜூன் 12-இல் திறக்கிறதா, தள்ளிப்போகிறதா என்று பார்த்து நாளை எண்ணுவது நம் ஊர் வழக்கம். சம்பா நடவு தேதியை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து ஐம்பத்தைந்து நாள் பின்னால் எண்ணி விதைப்பது அதைவிட எளிது. கோடை மழையின் ஈரமே விதை முளைக்கப் போதும்.

6. தக்கைப்பூண்டு செழிப்பாக வளர்ந்திருக்கிறது. காற்றிலிருந்து தழைச்சத்தை எடுக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விதைத்த இருபத்தைந்து முப்பதாம் நாளில் நான்கைந்து செடிகளைப் பிடுங்காமல், மண்ணோடு தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். வேரை நீரில் அலசி, ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால், செடி மண்ணில் இருந்த சத்தைத்தான் தின்று வளர்ந்திருக்கிறது. அப்போதும் மடக்கி உழுவது வீணல்ல, கரிமம் சேரும். ஆனால் யூரியாவைக் குறைக்கும் கணக்கு அங்கே செல்லாது. அடுத்த முறை ரைசோபியம் (வேர்முடிச்சை உண்டாக்கும் நுண்ணுயிர்) கலந்து விதையுங்கள்.

7. பசுந்தாள் போட்டால் யூரியாவை எவ்வளவு குறைக்கலாம்?

நன்றாக வளர்ந்த தக்கைப்பூண்டு ஏக்கருக்கு எட்டு டன் அளவில் பச்சையாகக் கிடைக்கும். அதில் 25 கிலோ அளவில் தழைச்சத்து இருக்கும். 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 20.7 கிலோ. ஆக, ஒரு மூட்டையைத் தயங்காமல் குறைக்கலாம். முடிச்சு சிவந்திருந்தால் மட்டும்.

மேலுரத்துக்கு நாள் கணக்கு வேண்டாம், இலை வண்ண அட்டையை (இலையின் பச்சையை ஒப்பிட எண்ணிட்ட நிறப்பட்டைகள் உள்ள அட்டை) பாருங்கள். நட்ட பதினான்காம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், முழுதாக விரிந்த இளம் இலையை அட்டையில் வைத்துப் பாருங்கள். உங்கள் நிழல் இலைமேல் விழும்படி நிற்க வேண்டும்; வெயில் பட்டால் நிறம் வெளிறித் தெரியும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற இரகங்களுக்கு 4 என்ற பட்டைக்குக் கீழே போனால்தான் யூரியா. கரும்பச்சையாக இருக்கும் வயலில் மேலும் யூரியா போடுவது புகையான் பூச்சிக்கு விருந்து வைப்பது.

துத்தநாக சல்பேட்டிலும் மிச்சம் உண்டு. ஏக்கருக்கு 10 கிலோ பரிந்துரை. பசுந்தாள் போட்ட வயலுக்கு அதில் பாதி போதும்.

8. நெல் அறுத்த தாளை மடக்கி உழுதேன். நட்ட நாற்று மஞ்சளாகிவிட்டது. இயற்கை முறை என்றால் இப்படித்தானா?

தாளில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், நாற்றுக்கு மிஞ்சாது. சில வாரங்களில் அவை மடியும்போது அந்தச் சத்து திரும்பக் கிடைக்கும். பசும்பூண்டில் இந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் அதற்கு ஒரு வாரம் போதும் என்று ஐந்தாம் பதிலில் சொன்னேன். தாளுக்கு மூன்று வாரமாவது விட வேண்டும்.

மஞ்சளோடு வேரும் கறுத்து, சேற்றில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காரணம் வேறு: நீருக்கடியில் காற்றில்லாமல் அழுகுகிறது. நீரை வடித்து, மயிர்க்கோடு வெடிப்பு விடும்வரை காயவிட்டு மீண்டும் கட்டுங்கள்.

9. வைக்கோலைக் கட்டுக் கட்டாக விற்கிறோம். அதில் மண்ணுக்கு என்ன நட்டம்?

நெற்பயிர் எடுத்த சாம்பல் சத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நெல்மணியில் இல்லை, வைக்கோலில்தான் இருக்கிறது. ஒரு டன் வைக்கோல் 15 முதல் 20 கிலோ சாம்பல் சத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஏக்கருக்கு இரண்டு டன் விற்றால், கடையில் வாங்கும் 50 கிலோ பொட்டாஷ் மூட்டை ஒன்றுக்குக் குறையாமல் லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கிறீர்கள். கட்டு விலை பேசும்போது இந்த மூட்டையின் விலையைக் கழித்துப் பாருங்கள்.

விற்கவே கூடாது என்று சொல்லவில்லை. மாடு வைத்திருப்பவர்களுக்கு வைக்கோல் வேண்டும், நமக்குக் கையில் பணம் வேண்டும். அறுவடை இயந்திரத்தைச் சற்று உயர்த்தி அறுக்கச் சொல்லுங்கள், தாள் வயலில் தங்கும். வாங்குகிறவர் உள்ளூர் மாட்டுக்காரர் என்றால் பணத்துக்குப் பதில் பாதியை எருவாகக் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் சிலர் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். கொளுத்துவது மட்டும் வேண்டாம். தழைச்சத்தும் கரிமமும் புகையாகப் போய்விடும், சாம்பல் மட்டும் மிஞ்சும்.

10. தொழுவுரம் ஏக்கருக்கு ஐந்து டன் என்கிறார்கள். மாடே இல்லாத வீட்டில் எங்கே போவது?

ஆட்டுக்கிடை, அதாவது இரவில் ஆட்டு மந்தையை வயலில் அடைப்பது. அறுவடை முடிந்த கோடையில் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் (ஆடு மேய்ப்பவர்கள்) மந்தையோடு டெல்டாவுக்கு வருவது இன்றும் நடக்கிறது. இரவுக்கு இத்தனை என்று பேசிக் கிடை போடலாம். வண்டிக்கூலியும் இல்லை, இறைக்கும் கூலியும் இல்லை. புழுக்கையோடு மூத்திரமும் நேரே மண்ணில் இறங்குகிறது. கிடை பெயர்ந்ததும் மேலாக ஓர் உழவு போட்டுவிடுங்கள், வெயிலில் விட்டால் தழைச்சத்து ஆவியாகிவிடும். சுற்று வயல்களில் உளுந்து நின்றால் முன்கூட்டியே கலந்து பேசுங்கள். ஊரில் பாதிச் சண்டை இதில்தான் தொடங்குகிறது.

ஏரி குளத்து வண்டலும் நல்லது. விவசாயத்துக்குக் கட்டணமில்லாமல் எடுக்க வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி பெறலாம். வரப்பில் கிளைரிசிடியா, பூவரசு, புங்கன் வைத்தால் தழைக்குப் பஞ்சமில்லை.

11. ஜீவாமிர்தம் மட்டும் ஊற்றினால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்கிறாரே ஒருவர்?

கணக்குப் போடுவோம். ஏக்கருக்கான 200 லிட்டர் ஜீவாமிர்தத்தில் 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி மண். இவை எல்லாவற்றிலும் உள்ள தழைச்சத்தைக் கூட்டினால் கால் கிலோவைத் தாண்டாது. ஒரு டன் நெல் விளைய, வைக்கோலையும் சேர்த்து, பயிர் எடுப்பது 15 முதல் 20 கிலோ. இடையில் உள்ள பள்ளத்தை எது நிரப்பும்?

அது நுண்ணுயிரைப் பெருக்கும் கரைசல்; பெருகிய உயிர்களுக்கு வயலில் தீனி இருக்க வேண்டும். பசுந்தாளும் தாளும் எருவும் உள்ள வயலில் ஊற்றுங்கள், மட்குதல் விரைவாகலாம். மொட்டை வயலில் ஊற்றினால், மண்ணில் மிச்சமிருக்கும் சேமிப்பைத்தான் கரைத்துக் கொடுக்கும். மூன்று சதவீதப் பஞ்சகவ்யத் தெளிப்புக்கும் இதே பதில்.

12. மூன்று வருடமாகப் பசுந்தாள் போடுகிறேன். அங்ககக் கரிமம் 0.42-லேயே நிற்கிறது. வீண் வேலையா?

இல்லை, எண் நகர நாளாகும், அவ்வளவுதான். ஒரு ஏக்கரின் மேல் 15 சென்டிமீட்டர் மண் ஏறத்தாழ 900 டன். கரிமத்தை 0.1 சதவீதம் கூட்ட 900 கிலோ கரிமம் மண்ணில் நிலையாகத் தங்க வேண்டும். எட்டு டன் பச்சைப் பூண்டு காய்ந்தால் ஒன்றரை டன் சொச்சம். அதில் கரிமம் 600 கிலோ அளவில். நம் வெயிலில் ஒரு வருடத்துக்குள் பெரும்பகுதி காற்றோடு போய், நூறு கிலோ மிஞ்சினால் நல்லது. அப்படியென்றால், பூண்டை மட்டும் நம்பினால் 0.1 ஏற எட்டொன்பது வருடம். கூடவே தாளும் எருவும் சேர்ந்தால் விரையும்.

அதுவரை அறிக்கையை விட வயலைப் பாருங்கள். முதல் கேள்வியில் சொன்ன கட்டி சோதனையில் மாற்றம் முன்னதாகத் தெரியும். ஒரே வருடத்தில் கரிமத்தை இரட்டிப்பாக்கும் புட்டி என்று யாராவது விற்றால், இந்த 900 டன் கணக்கைச் சொல்லி அவர் முகத்தைப் பாருங்கள்.

13. நெல்லுக்குப் பின் உளுந்து போட்டால் மண்ணுக்குப் பலம் என்கிறார்கள். இப்போது இயந்திர அறுவடையில் விதைத்ததெல்லாம் நசுங்குகிறதே?

அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நிற்கும் நெல்லில் உளுந்தைத் தெளிப்பது கையால் அறுத்த காலத்துக்குப் பொருந்தியது. இயந்திரம் இறங்குகிற வயலில் விதையைக் கால் பங்கு கூட்டுங்கள். அல்லது அறுவடை முடிந்த மறுநாளே ஈரத்தில் விதையுங்கள். ஆடுதுறை 3 தரிசுக்கென்றே வந்த இரகம். தை பாதியிலிருந்து மாசி பாதிக்குள் முடியாவிட்டால், ஈரம் போய்விடும்.

மண்ணுக்குப் பலம் என்பது பாதி உண்மை. செடியை வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோனால் வயலில் மிஞ்சுவது சொற்பம். அடியில் அறுத்து, அடித்த பொட்டையும் (மணி நீங்கிய தொலி, சருகு) திரும்பக் கொட்டினால் சேரும்.

14. இரசாயன உரத்தை இந்த வருடமே முழுதாக நிறுத்திவிடலாமா?

எல்லா வயலிலும் ஒரே போகத்தில் நிறுத்தாதீர்கள். இலங்கையில் 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். மாற்றாகப் போட எருவும் இல்லை, பழக்கமும் இல்லை. நெல்லும் தேயிலையும் அடிபட்டன; நவம்பரிலேயே தடையைத் திரும்பப் பெற்றும் பெரும்போக விளைச்சல் சரிந்தது. இயற்கை வேளாண்மை தோற்றது என்று அதைச் சொல்வது தவறு. கணக்கில் வரவு வைக்காமல் செலவை மட்டும் வெட்டினால் நாடானாலும் வயலானாலும் இதுதான் நடக்கும்.

மூன்று மாவில் ஒரு மாவைத் தேர்ந்தெடுங்கள். பசுந்தாள், கிடை, தாள் எல்லாவற்றையும் அங்கே குவியுங்கள். மற்றதில் ஏழாம் பதிலில் சொன்னபடி குறைத்துக்கொண்டே வாருங்கள். யூரியா ஒரு சிட்டிகை பட்டாலே மண் செத்துவிடும் என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கரிமம் சேர்க்காமல், யூரியாவை மட்டும் ஆண்டுக்கணக்கில் போட்டதுதான் நம் வயல்களைக் கெடுத்தது. சான்றிதழ் வாங்கி விற்கும் எண்ணமிருந்தால் மட்டும் விதி வேறு: நெல் போன்ற ஆண்டுப் பயிருக்கு மாறுகாலம் இரண்டு வருடம், அதில் இரசாயனம் கூடாது.

15. பாரம்பரிய நெல்லுக்கு மாறினால் உரச்செலவே இல்லையாமே?

குறையும். நெல் ஜெயராமன் 160-க்கும் மேற்பட்ட பாரம்பரிய இரகங்களைத் தேடிச் சேர்த்து, திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, இரண்டு கிலோ விதை கொடுத்து மறு வருடம் நான்கு கிலோவாகத் திரும்ப வாங்கினார். இந்தப் பக்கத்தில் இன்று மாப்பிள்ளைச் சம்பாவும் கறுப்புக் கவுனியும் நிற்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு. இவை உயரமாக வளரும். யூரியா போட்டால் சாயும், அதனாலேயே உரம் குறைகிறது.

விளைச்சலும் குறையும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சன்னம், பொது என்ற இரண்டு விலைதான். கவுனிக்குத் தனி விலை இல்லை. அரிசியாக்கி விற்க ஆள் பிடித்த பிறகு பரப்பைக் கூட்டுங்கள். காட்டுயானம் ஆறு மாதம் வயலைப் பிடித்துக்கொள்ளும், பூங்கார் மூன்று மாதத்தில் முடியும் என்பதும் நினைவிருக்கட்டும்.

16. மண் வளமாக இருந்தால் வெள்ளத்தைத் தாங்குமா?

பத்து நாள் மூழ்கினால் எந்த மண்ணும் பயிரைக் காப்பாற்றாது. அதற்கு வடிகாலும் இரகமும் வேண்டும். மூழ்கும் பள்ள வயலுக்கு சி.ஆர். 1009 சப் 1 இருக்கிறது. இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தும் துளிர்க்கும் குணத்தைச் சேர்த்து உருவாக்கியது. மட்குள்ள மண்ணின் உதவி வறட்சியில்தான் நன்றாகத் தெரியும். முறை நீர் தள்ளிப்போகும்போது அந்த வயல் சில நாள் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். ஊரே ஒரு தேதியில் ஒரே இரகத்தை நட்டால் ஒரே மழையில் ஊரே போகும். நடவு நாளையும் இரகத்தையும் பிரித்து வைப்பதற்குச் செலவே இல்லை.

17. பசுந்தாளைச் சேற்றில் அமுக்கினால் மீத்தேன் வாயு அதிகம் வருமாமே? அப்படியானால் சுற்றுச்சூழலுக்குக் கேடுதானே?

வரும், உண்மைதான். நீர் நிற்கும் சேற்றில் பச்சைத் தழை அழுகினால் மீத்தேன் கூடும். அதற்காகப் பசுந்தாளைக் கைவிட வேண்டியதில்லை, நீரை மாற்றிக் கட்டுங்கள். ஓட்டை போட்ட குழாய் ஒன்றை வயலில் பதித்து, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு பாய்ச்சும் முறையில் மீத்தேன் பாதிவரை குறையும், தண்ணீரும் மிச்சம். பூக்கும் நேரத்தில் மட்டும் காயவிடக் கூடாது. பம்புசெட் உள்ளவர்களுக்கு இது கைக்கு எட்டும். ஆற்றுப் பாசனத்தில், முறை வைத்து விடும் நீர் தானாகவே இதைச் செய்துவிடுகிறது.

18. கடைமடையில் இருக்கிறோம். உப்புப் பூக்கிறது. இதெல்லாம் எங்களுக்குப் பொருந்துமா?

பொருந்தும், வரிசை மாறும். உப்பு மட்டும் என்றால் மழைநீரைக் கட்டி வடிக்க வடிகால் வேண்டும். களர் என்றால் அறிக்கையில் சொல்லும் அளவு ஜிப்சம் போட்டு, நீர் கட்டி வடித்து, பிறகு தக்கைப்பூண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் கடலோரத்தில் உவர்ந்த நிலங்களை மீட்க இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரும் உடனிருந்தவர்களும் இறங்கியபோது கைகொடுத்தவற்றில் தக்கைப்பூண்டும் ஒன்று. வண்டல் அடிப்பதாக இருந்தால், அந்த வண்டலையே முதலில் பரிசோதியுங்கள். கடலோரக் குளத்து மண்ணிலும் உப்பு இருக்கும்.

19. நிலம் குத்தகை. அடுத்த வருடம் என்னிடம் இருக்குமோ இல்லையோ. நான் ஏன் மண்ணை வளர்க்க வேண்டும்?

நியாயமான கேள்வி. பன்னிரண்டாம் பதிலில் சொன்ன எட்டொன்பது வருடக் கணக்கை உங்கள் தலையில் கட்ட எனக்கு மனமில்லை. அந்தப் போகத்திலேயே திரும்பக் கிடைப்பதை மட்டும் செய்யுங்கள்: பசுந்தாள், இலை வண்ண அட்டை, தரிசு உளுந்து. வண்டல், ஜிப்சம் இரண்டும் நில உரிமையாளரின் பங்கு இல்லாமல் வேண்டாம். குத்தகையை மூன்று வருடத்துக்கு எழுதித் தரக் கேளுங்கள். கிடை போட்ட வயல் என்று சொன்னால் உரிமையாளரும் இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

20. எல்லாம் சரி, தக்கைப்பூண்டு விதை வேண்டிய நேரத்தில் கிடைப்பதே இல்லையே?

2024-இல் தொடங்கிய 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் வேளாண் விரிவாக்க மையங்கள் வழியாகப் பசுந்தாள் விதை மானியத்தில் கொடுக்கிறார்கள். பங்குனியிலேயே பெயர் கொடுத்து வையுங்கள். அதை மட்டும் நம்பாமல், மடக்கி உழும்போது வரப்போரம் ஒரு வரிசையை விட்டுவிடுங்கள். நான்கைந்து மாதத்தில் காய் முற்றும். நெற்று வெடிப்பதற்கு முன்பு, காலைப் பனி ஈரத்தில் அறுத்து, களத்தில் அடித்து, காயவைத்துச் சாக்கில் கட்டுங்கள். சொந்தத் தேவைக்குப் போக மிஞ்சியதை எங்கள் அறைக்குக் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்கிறோம்.